குடைக்கு அட்டை கிடையாதாம்

மல்லாட்டை வேணும்னா ஒழக்குல அளந்து கொட்டறன். வேற எதனா வேணும்னா மொதல்ல அத்த சொல்லு. இல்லமா, கோச்சிக்காத. வந்ததும் வராததுமா ‘பவுனு அம்மாவா?’ன்னு கேட்ட பாரு, அதுதான் எனக்கு இடிக்குது. கூட கடை போடறவங்களத் தவிர யாருக்கும் என் பேரு தெரியாது. மல்லாட்டைக்காரம்மான்னாதான் தெரியும். பேரு சொல்லிக் கேட்டுக்கினு வந்தவங்க யாரும் இன்னை வரைக்கும் கடலை வாங்க வந்ததில்ல.

ஒக்காரு. அந்தக் கல்லு மேல வேணாம், அது என் எடத்துக்கு அடையாளத்துக்கு வெச்சிருக்கற கல்லு. தோ, இந்த சிமெண்டுப் பலகை மேல ஒக்காரு. பைய மடியில வெச்சிக்க. உள்ள இன்னா இருக்குதுன்னு நான் கேக்க மாட்டன். நோட்டு மாதிரி தெரியுது. கேக்க மாட்டன்.

நான் யாரையும் சந்தேகப்படற ஆளு கெடயாது. எங்க வேணா விசாரிச்சிப் பாரு. ஆனா இந்த வெள்ளிக்கெழமையோட கெடு முடியுது. கடை போடற அட்டை இல்லாதவங்க தெருவவிட்டு எழுந்துக்கணும்னு முனிசிபாலிட்டி ஆபீசுல சொல்லிட்டாங்க. இங்க பதினாலு பேரு கடை போடறோம். பதிமூணு பேரு கழுத்துல அட்டை தொங்குது. தொங்காத ஒரே கழுத்து இதுதான். பன்னெண்டு வருஷமா இதே எடத்துல அடுப்பு எரிச்சவ நானு. இந்த நேரத்துல பேரு தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு பையோட வந்து நின்னா, நான் இன்னான்னு எடுத்துக்கறது? நீயே சொல்லு.

எல்லாம் அந்த வெள்ளக்காரம்மாவால வந்த வெனை.

எதிர்ல பச்சை கேட்டு தெரியுதில்ல, வாத்தியார் வூடு? அந்த மாடியில இருந்துச்சி. மார்த்தான்னு பேரு. எந்த தேசம்னு கேட்டா என்னவோ சொல்லிச்சி, ஏதோ குளுரு தேசம். இந்த ஊருக்கு வெள்ளக்காரங்க வர்றது புதுசு இல்ல. மலைய சுத்துவாங்க, கண்ண மூடிக்கினு ஒக்காருவாங்க, மூணு மாசத்துல போயிடுவாங்க. அவங்களால நமக்கு ஒரு தொந்தரவும் இல்ல. இந்தம்மா கண்ண மூடல. அதுதான் பிரச்சனையே.

அஞ்சு வருஷம்! அஞ்சு வருஷமும் கண்ணத் தொறந்துக்கினே ஒக்காந்திருந்துச்சி. காலையில எட்டு மணிக்கு எறங்கி வரும். இப்ப நீ ஒக்காந்திருக்கியே, இதே பலகைதான். மடியில பெரிய நோட்டு, கையில பென்சிலு. தெருவப் பாத்துப் பாத்து வரையும். வரைஞ்சிட்டு கீழ தேதி போடும், நேரம் போடும், பேரு எழுதும். படம் வரையறவங்களுக்கு நேரம் எதுக்குமா? சாமி படம் வரையறவன் இத்தனை மணிக்கு வரைஞ்சன்னு எழுதறானா?

அப்பறம் கேள்வி. அரைகொறைத் தமிழ்ல, ஆனா மரியாதையா கேக்கும். ‘நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க? மழை வந்தா எங்க போவீங்க? தண்ணி எங்க புடிப்பீங்க?’ மழை வந்தா நான் எங்க போனா உனக்கின்னா? சும்மா தெரிஞ்சிக்கறதுக்காம். சும்மா தெரிஞ்சிக்கறதுக்கு யாராவது கடல் தாண்டி வருவாங்களா?

மத்தவங்களுக்கு இதெல்லாம் தோணல. தோ அந்தப் பக்கம் சாவி போடறாரே, மஸ்தான் பாய், அவரு மூஞ்ச தொடைச்சிக்கினு படம் எடுக்கற மாதிரி நெட்டா ஒக்காந்துக்குவாரு. இட்லி வண்டி ஜெகதா அந்தம்மா வந்தாலே பொட்டு வெச்சிக்குவா. ‘இன்னாக்கா, வரைஞ்சா வரையட்டுமே, ஒடம்புல ஒட்டிக்கினா இருக்கப் போவுது’ன்னு எனக்கே புத்தி சொல்லுவா.

அவளுக்கு இன்னா தெரியும்? எங்க வூட்டுக்காரரு கொய்யாப்பழ வண்டி வெச்சிருந்தாரு. அப்ப நாங்க வேற ஊர்ல இருந்தோம். ஒரு நாளு வெள்ளச் சட்டைக்காரன் ஒருத்தன் நோட்டோட வந்தான். ரொம்ப மரியாதை. ‘உங்க பேரு இன்னாங்க, எத்தனை வருஷமா இங்க நிக்கறீங்க, வண்டி சொந்த வண்டியா?’ இவரும் ஒண்ணுவிடாம சொன்னாரு. எழுதறதுக்கு வாட்டமா இருக்கட்டும்னு ஸ்டூலக் குடுத்தாரு. ரெண்டு பழத்த அறுத்து மொளகாத்தூள் தூவி நீட்டனாரு. அவன் துண்ணுட்டு நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனான். பத்தாம் நாளு லாரி வந்துச்சி. அவன் எழுதன வரிசை மாறாம ஒவ்வொரு வண்டியாத் தூக்கனாங்க. நாலு மாசம் நடையா நடந்தாரு, வண்டி திரும்பல. அப்பறம் அரிசி மில்லுல மூட்டை தூக்கப் போனாரு. ‘வண்டி இல்லாத கையி தொங்கிக்கினே இருக்குதுடி பவுனு’ம்பாரு. ரெண்டு வருஷத்துல போய்ச் சேந்துட்டாரு.

அன்னைலருந்து எழுதற கையப் பாத்தா நான் தள்ளிப் போயிடுவன். அவ்ளோதான். சந்தேகம் எல்லாம் இல்ல.

மொதல் மாசமே அந்தம்மா என்னையும் வரைஞ்சிடுச்சி. எனக்குத் தெரியாது. நான் அண்டாவக் கிண்டிக்கினு இருந்தன். முடிச்சிட்டு சிரிச்சிக்கினே எழுந்து வந்து நோட்டுலருந்து கிழிச்சி என் கையில குடுத்துச்சி. பாத்தன். நான்தான். தாடையில தோ இந்த மரு இருக்குதில்ல, அதக்கூட விடல. ஆவி பறக்கற அண்டா, என் கையி, கரண்டி, கீழ தேதி, நேரம், கொட்டையா என் பேரு. பேரு எப்பிடித் தெரியும்? ஜெகதா சொல்லியிருக்கா.

அந்த நேரம் பாத்து பஸ்ஸுக்குப் போற ஒரு ஆளு வந்து ‘ஒரு ஒழக்கு குடுங்க’ன்னான். நான் இன்னா செஞ்சன் தெரியுமா? அந்தப் படத்தயே சுருட்டி, அடிய மடிச்சி, பொட்டலம் போட்டுக் குடுத்துட்டன். என் மூஞ்சில சுடச்சுடக் கடலை. அவன் வாங்கிக்கினு பஸ் ஏறிட்டான். அந்தம்மா பாத்துக்கினே நின்னுச்சி. கோவம் வந்திருந்தா நல்ல மனுசின்னு நம்பியிருப்பன். கோவமே வரல பாரு, அங்கதான் எனக்கு ஒதைச்சிச்சி.

அப்பவே சொல்லிட்டன். ‘இங்க பாருமா, என் மூஞ்ச வரையக் கூடாது. என் பேர எழுதக் கூடாது. என்னப் பத்தி யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு’ன்னன். அதுக்குப் புரியல. நான் கைய நீட்டிக் காட்டினன், இப்பிடி உள்ளங்கைய மேல வெச்சி. ‘இது மேல அடி’ன்னன். அந்தம்மா என்னயும் கையயும் மாத்தி மாத்திப் பாத்துச்சி. அப்பறம் பளிச்சுன்னு அடிச்சிச்சி. ‘சத்தியம்’னு சொல்லிச்சி. மஸ்தான் பாய் சாட்சி.

வெள்ளக்காரங்க சத்தியத்த நம்பி ஒலை வெக்க முடியுமா? அவங்க ஊர்ல கையில அடிக்கிற வழக்கம் இருக்குதோ இல்லியோ. அதனால நான் ஒரு வேலை பண்ணன். தோ, இந்தக் குடை. அந்தம்மா மாடிப்படி எறங்கற சத்தம் கேட்டாலே விரிச்சி மொகத்துக்கு நேரா சாச்சிக்குவன். வெயிலு அந்தப் பக்கம் இருந்தாலும் குடை இந்தப் பக்கம். கடலை வாங்க வர்றவங்க குடையக் குனிஞ்சி பாத்து ‘அம்மா இருக்கறீங்களா?’ன்னு கேப்பாங்க. அஞ்சு வருஷம். கையி வலிக்கும். விடலியே நானு.

நான் குடை ஓரமா பாத்துக்கினே இருப்பன். அந்தம்மா எட்டு மணிக்கு எறங்கும், பத்தரைக்கு ஏறும். செவ்வாக்கெழமை தலைக்குக் குளிக்கும். வெள்ளிக்கெழமை ஜெகதாகிட்ட நாலு இட்லி, மத்த நாள்ல மூணு. சட்னி வேணாம், பொடிதான். மாசத்துல ஒரு தடவ தபால்காரர் வந்தா அன்னைக்குப் படம் வரையாது, சொம்மா ஒக்காந்திருக்கும். ஒரு வருஷம் ஐப்பசியில ஒம்பது நாளு எறங்கவே இல்ல, ஜொரம். செருப்பு மூணு ஜோடி மாத்திச்சி. மூக்குக் கண்ணாடி ஒடைஞ்சி நூல் சுத்திப் போட்டுக்கிச்சி. அடுத்தவங்க விஷயத்த கவனிக்கறது எனக்குப் புடிக்காது. ஆனா அந்தம்மா நம்பள வேவு பாக்குதான்னு நம்பதானே பாத்துக்கணும்?

இந்தக் குடையப் பாரு. மொத வருஷம் காத்துல கிழிஞ்சிச்சி, என் செவப்புப் பொடவ கரைய வெட்டித் தெச்சன். மூணாம் வருஷம் இந்த நீல ஒட்டு, எங்க வூட்டுக்காரர் லுங்கி. போன வருஷம் இந்தப் பூப்போட்டது, என் பொண்ணு சுடிதாரு. கம்பியில கட்டியிருக்கறது மஸ்தான் பாய் குடுத்த சாவி வளையம். இந்த மாதிரி குடை உலகத்துல இன்னொண்ணு கெடைக்காது.

ஒரு நாளு திடீர்னு மழை கொட்டிச்சி. எல்லாரும் ஓடிட்டாங்க. அந்தம்மா நோட்ட சட்டைக்குள்ள சொருகிக்கினு நேரா என் குடைக்குள்ள பூந்துடுச்சி. வெளிய போன்னு எப்பிடி சொல்றது? முட்டிக்கு முட்டி இடிக்க ஒக்காந்தோம். அந்தம்மா இன்னா பண்ணிச்சி தெரியுமா? மொகத்த செவுத்துப் பக்கம் திருப்பிக்கிச்சி. ‘நான் பாக்கல’ன்னுச்சி. அரை மணி நேரம் கழுத்து நோவ அந்தச் செவுத்தயே பாத்துக்கினு இருந்துச்சி. நான் அண்டாவுலருந்து ஒரு கை அள்ளிக் குடுத்தன். வாங்கித் துண்ணுச்சி, திரும்பல. நெஞ்சில குத்தம் இல்லாதவங்க மூஞ்சப் பாத்துத்தானே பேசுவாங்க?

லாரி கதைய சொன்னா உனக்கே புரியும். ரோட்டுல கடை போடறவங்களத் தூக்க அப்பப்ப லாரி வரும். அந்தம்மா மாடியிலருந்து எட்டிப் பாத்து ‘லாரி! லாரி!’ன்னு கத்தும். எங்களுக்கு முன்னாடி அதுக்கு எப்பிடித் தெரியுது? ஆபீசுல கை இருந்தாத்தானே தெரியும்? மஸ்தான் பாய்கிட்ட கேட்டன். ‘மாடியிலருந்து பாத்தா ரோட்டுக் கோடி வரைக்கும் தெரியாதா பவுனு?’ன்னாரு. அவரு வெள்ளந்தி.

சும்மா சொல்லக் கூடாது, லாரி விஷயத்துல என்ன அடிச்சிக்க ஆள் இல்ல. சத்தம் கேட்ட நிமிஷம் அண்டா இடுப்புல, குடை கக்கத்துல, அடுப்பு மேல கூடைய கவுத்துட்டு கல்யாண மண்டபத்து சந்துல பூந்துடுவன். எடத்துல கல்லு மட்டும் இருக்கும். பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவ கூட நான் மாட்டனது இல்ல. பாய் நாலு தடவ மாட்டி அபராதம் கட்டி ரசீது வாங்கினாரு. அந்த ரசீத சாவிப் பொட்டியில பத்திரமா வெச்சிருந்தாரு. ‘இன்னா பாய், மாட்டனதுக்கு பட்டயம் எழுதிக் குடுத்தாங்களா?’ன்னு நான் கேலி பண்ணி சிரிப்பன். தெருவே சிரிக்கும்.

இந்த சித்திரையில அந்தம்மா ஊருக்குக் கெளம்பிச்சி. விசா முடிஞ்சிடுச்சாம், ஒடம்பும் சரியில்லியாம். ஒவ்வொரு கடையா வந்து சொல்லிட்டு, ஆளுக்கு ஒரு கட்டு ஜெராக்ஸ் குடுத்துச்சி, அவங்கவங்க படம். கெட்டிப் பேப்பரு. ஜெகதா பிரிச்சிப் பாத்து அழுதா. அவ இட்லி ஊத்தற படம், அவ பொண்ணு வயித்துல இருந்தப்ப வரைஞ்ச படம், வருஷா வருஷம் தேதியோட. பாய்க்கு சாவி ராவற படம், தொழுதுட்டு வர்ற படம்.

எனக்கும் ஒரு கட்டு குடுத்துச்சி. கைய இப்பிடி நெஞ்சில வெச்சிக்கினு தலைய ஆட்டிச்சி. போயிடுச்சி. நான் பிரிச்சிப் பாத்தன். குடை. அடுத்தது, குடை. அதுக்கடுத்தது, குடை. குடைக்குக் கீழ அண்டா, கல்லு. ஆளும் இல்ல, பேரும் இல்ல. எல்லாருக்கும் மூஞ்சி, எனக்குக் குடை! அஞ்சு வருஷமா அதே பலகை மேல ஒக்காந்து என்ன மட்டும் மனுசியா மதிக்கல பாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. இன்னா? நான்தான் வரையக் கூடாதுன்னு சொன்னனா? சொன்னன். சொன்னா? மனசிருந்தா ஒண்ணாவது வரைஞ்சிருக்க மாட்டாளா?

அந்தக் கட்ட அண்டா பக்கத்துல வெச்சன். வேகவெச்ச கடலைக்கு நியூஸ் பேப்பரு தாங்காது, ஈரத்துல ஊறிக் கிழிஞ்சிடும். இது நல்ல கெட்டியா இருந்துச்சி. நாளுக்கு ஒண்ணு, ரெண்டுன்னு பொட்டலம் போட்டன். ஒரு குடை, ஒரு ஒழக்கு. கோவமும் ஆறுச்சி, பேப்பரும் தீந்துச்சி.

ஆனியில ஆபீசுக்காரங்க வந்தாங்க. மண்டபத்து வாசல்ல மேசை போட்டாங்க. இந்தத் தெருவுல அஞ்சு வருஷமா கடை போடறவங்களுக்கு அட்டை, அவங்கள இனிமே யாரும் தூக்க முடியாது, மத்தவங்க காலி பண்ணணும்னாங்க. ஆனா இருந்ததுக்கு ஆதாரம் காட்டணும். போட்டோ, ரசீது, தேதி போட்டது எது இருந்தாலும் சரின்னாங்க.

பாய் சாவிப் பொட்டியத் தொறந்து நாலு அபராத ரசீதையும் நீட்டனாரு. அந்த அதிகாரி பாத்துட்டு, ‘இதவிட நல்ல ஆதாரம் வேற இல்லீங்க பாய்’னு அப்பவே எழுதிக்கினாரு. மாட்டனவருக்கு அட்டை! ஜெகதா படக்கட்டக் கொண்டாந்தா. அதிகாரி ஒவ்வொண்ணா பாத்தாரு. மொகம் இருக்குது, பேரு இருக்குது, தேதி இருக்குது, பின்னாடி மண்டபத்து செவுரு இருக்குது. செவுத்துல வருஷா வருஷம் மாத்தி எழுதன வெளம்பரம் கூட படத்துல இருக்குது. அவளுக்கும் எழுதிக்கினாரு. எல்லாருக்கும் எழுதிக்கினாரு.

என் மொறை வந்துச்சி. ரசீது இருக்குதான்னாரு. நான் மாட்டனதே இல்லீங்கன்னன், பெருமையா சொன்னன். போட்டோ? நான் யாரையும் எடுக்க வுட்டது இல்லீங்கன்னன். அவரு பேனாவ மூடிட்டாரு. அப்பதான் எனக்கு அந்தம்மா குடுத்த கட்டு ஞாபகம் வந்துச்சி. ஓடிவந்து அண்டா பக்கத்துல தேடனன். ஒரே ஒரு பேப்பரு மிச்சம் இருந்துச்சி, உப்புத் தண்ணி பட்டு மஞ்சளா. அதக் கொண்டு போய் நீட்டனன்.

அவரு திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கெட்டவரு இல்ல. மெதுவாத்தான் சொன்னாரு. ‘இதுல குடைதாம்மா இருக்குது. அதுவும் ஒரே ஒரு நாளு. குடைக்கு அட்டை குடுக்க முடியாதும்மா.’

சுத்தி நின்னவங்க எல்லாம் சொன்னாங்க, இவங்க பன்னெண்டு வருஷமா இருக்கறாங்கன்னு. வாயால சொன்னா செல்லாதாம். கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மேல அனுப்பிப் பாக்கலாம்னாரு. பாய் ஒடனே ‘நான் போடறன்’னு வந்தாரு. நான் வேணாம்னுட்டன். இன்னைக்குக் கையெழுத்து போடுவாரு, நாளைக்கு அந்த எடத்துல பாதி என்துன்னு நின்னா? அவரு மூஞ்சி சுண்டிப் போச்சி. ‘நானா கேப்பன் பவுனு?’ன்னாரு. கேக்க மாட்டாருன்னு எனக்கும் தெரியும். அன்னைக்குத் தெரியல.

அன்னைக்கு வூட்டுக்குப் போயி குடைய வுட்டெறிஞ்சன். அப்பறம் நானே போயி எடுத்தாந்தன். எங்க வூட்டுக்காரர மாதிரி நானும் கையத் தொங்கப் போட்டுக்கினு ஒக்காரப் போறனான்னு நெனச்சி நெனச்சி அழுதன்மா. அவரு எல்லாத்தயும் சொல்லி வண்டிய வுட்டாரு. நான் எதயும் சொல்லாம எடத்த வுடறன். இதுல எது புத்திசாலித்தனம்னு எனக்கு இன்னும் வெளங்கல.

சரி, என் கதைய வுடு. நீ யாரு? இப்பவாவது சொல்லு.

வாத்தியாருக்கு அண்ணன் மகளா? ஆமா, மூக்கு அப்பிடித்தான் இருக்குது. வக்கீலுக்குப் படிக்கறியா. அதுக்கு?

பைய எதுக்குத் தொறக்கற? இரு, இரு. இது... இது அந்தம்மா நோட்டு இல்ல? ஊருக்கு எடுத்துக்கினு போகலியா? மாடியில ட்ரங்கு பொட்டியிலயா இருந்துச்சி? அட, எத்தன நோட்டு! ஆறு, ஏழு... எங்களுக்குக் குடுத்தது ஜெராக்ஸ்தான், அசலு இங்கதான் இருக்குதா.

தள்ளு, பாப்போம். இது என் குடை. ஒட்டே இல்ல பாரு, மொத வருஷம். இதுல செவப்பு ஒட்டு வந்துடுச்சி. நீலம்... அடியாத்தே, லுங்கி கட்டம் கூட போட்டிருக்குது. தோ பூப்போட்டது. தோ பாயோட சாவி வளையம். நான் தெச்ச தையலு கூட கோணலா இருக்கற மாதிரியே இருக்குது. எல்லாத்துலயும் தேதி இருக்குதா? நீ படி. அந்த ஐப்பசி ஜொரத்துல மட்டும் இருக்காது பாரு, ஒம்பது நாளு. இல்லல்ல? நான் சொன்னனா?

எல்லாப் பேரும் எழுதியிருக்குது. ஜெகதா, மஸ்தான், சின்னராசு... என் குடைக்குக் கீழ மட்டும் எதுவும் இல்ல. காலியா கோடு போட்டு வுட்டிருக்குது. அஞ்சு வருஷமும் கோடுதான். மூஞ்சியும் இல்ல. ஒரு தடவ கூட இல்ல. பாவி, சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாளே.

அந்தம்மாவுக்கு யாரு சொன்னது எனக்கு அட்டை கெடைக்கலன்னு? பாயா? பாய் வாத்தியார்கிட்ட சொல்லி, வாத்தியார் அதுக்கு எழுதினாரா? அவருக்கு இதுல இன்னா... சரி. ஒண்ணும் இல்ல. நான் ஒண்ணும் கேக்கல.

அப்பறம் நீ எதுக்கு எங்கிட்ட வந்த? நோட்ட நேரா ஆபீசுக்குக் கொண்டு போயிருக்க வேண்டியதுதானே? அந்தம்மா லெட்டருல இன்னா எழுதியிருக்குது? திருப்பிப் படி. ‘பவுனுகிட்ட கையில அடிச்சி சத்தியம் பண்ணியிருக்கறன். அவங்க சொல்லாம யாருகிட்டயும் காட்டக் கூடாது. கோட்டு மேல பேரு எழுதக் கூடாது.’

அப்பிடியா எழுதியிருக்குது. அவ்ளோ தூரத்துலருந்து.

இருமா. பொகை கண்ணுல பட்டுடுச்சி. இந்த வெறகு ஈரம்.

நான் இந்தத் தெருவுலயே கெட்டிக்காரின்னு நெனச்சிக்கினு இருந்தன். என்ன யாரும் புடிக்க முடியாதுன்னு. ஒருத்தி பக்கத்துலயே ஒக்காந்து என் எடத்துக்கு அஞ்சு வருஷம் காவல் இருந்திருக்கா. நான் அவளுக்கு ஒரு கை கடலை குடுத்தன், அவ்ளோதான். மத்த நேரம் எல்லாம் குடையக் காட்டனன். வெக்கமா இருக்குதுமா.

பாய்கிட்ட அப்பறம் நான் போறன். கையெழுத்து வேணும்னு நானே கேக்கறன்.

மொதல்ல நீ கைய நீட்டு. கேள்வி கேக்காத, நீட்டு. கையில அடிச்ச சத்தியத்த கையில அடிச்சித்தான் எடுக்கணும், வாயால சொன்னா செல்லாது. அந்தம்மாவுக்குப் பதிலா நீ வாங்கிக்க. உள்ளங்கைய மேல வெய்யி. இன்னும் நல்லா விரி.

தோ. எடுத்துட்டன். சத்தியம் போச்சி. அந்தம்மாவுக்கு இத்த லெட்டரு எழுதிப் போடு, இன்னைக்கே போடு.

இப்ப பேனாவ எடு. அந்த மொதக் கோட்டுலருந்து வா. எழுது, பவுனு. க/பெ ஆறுமுகம், கொய்யாப்பழ வண்டி. இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா, வண்டிய எழுது. தொழிலு, வேகவெச்ச மல்லாட்டை. எடம், மண்டபத்து செவுரு, கல்லுக்கு இந்தப் பக்கம். எல்லாக் கோட்டு மேலயும் எழுது, ஒண்ணு வுடாம எழுது. நான் குடைய விரிச்சிப் புடிக்கறன், வெயிலு உன் மேல படுது பாரு.

முடிச்சதும் எனக்குப் படிச்சிக் காட்டணும். நான் சொன்னது மட்டுந்தான் இருக்குதான்னு நான் பாக்கணும்.